மலை இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. இருபது வருடமாக மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் ஏறி இறங்குகிறவன், அதில் ஒரு தடவை பிரேக் இல்லாமல் மாட்டிக்கொண்டு தப்பித்தவன், அவ்வளவுதான். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை என்று கிளம்பும்போதெல்லாம் எனக்குப் போன் போட்டுக் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

பிரேக்கை மிதிக்கிறேன், கார் நிற்கவில்லை. உடனே என்ன செய்வது?

ஆக்சிலரேட்டரில் கால் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், பதற்றத்தில் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அடுத்து பிரேக்கை விட்டு விட்டு வேகமாக நாலைந்து தடவை பம்ப் செய்யுங்கள், பல நேரம் மூன்றாவது நான்காவது மிதியில் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். கால் அதைச் செய்துகொண்டிருக்கும்போதே கை கியரைக் குறைக்க வேண்டும், ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று, அப்புறம் இரண்டு. பிறகு ஹேண்ட் பிரேக், மெதுவாக. ஹாரனை விடாமல் அழுத்துங்கள், ஹெட்லைட்டைப் போடுங்கள், எதிரே வருகிறவனுக்கு உங்கள் பிரேக் போனது தெரியாது, இவன் ஏதோ பைத்தியக்காரன் மாதிரி வருகிறான் என்று புரிந்தாலே அவன் ஒதுங்கிவிடுவான். ஹசார்டு லைட் பட்டனைத் தேடிக் கண்ணை சாலையிலிருந்து எடுக்காதீர்கள், கைக்கு எட்டினால் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் வரிசையாகப் படிக்க நீளமாகத் தெரிகிறது, ஆனால் நடக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அதனால் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் கியரை வையுங்கள். மற்றது எல்லாம் தானாக வரும்.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டால் நின்றுவிடாதா?

அணைக்கவே அணைக்காதீர்கள். நிறைய பேருக்கு முதலில் தோன்றுவது இதுதான், செய்யக் கூடாததும் இதுதான். இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்ப மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உங்கள் மிதியைப் பலமாக்கிக் கொடுக்கிற பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) வருவதும் இன்ஜினிலிருந்துதான், அதுவும் நின்றால் ஒன்றிரண்டு மிதிக்குமேல் மிச்சம் இருக்காது. சாவியைக் கடைசி வரை திருப்பி உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும், அப்புறம் கார் போகிற இடத்துக்கு நீங்களும் போக வேண்டியதுதான். பட்டன் ஸ்டார்ட் வண்டியிலும் இதே கதைதான், ஓடும்போது பட்டனை சில விநாடி அழுத்திப் பிடித்தால் இன்ஜின் நிற்கும், நிற்கிறது என்பதற்காக அழுத்த வேண்டாம்.

ஓடுகிற இன்ஜின் உங்கள் பக்கம் இருக்கிற ஆள். அதைக் கொன்றுவிடாதீர்கள்.

பிரேக் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெடல் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெடல் உங்கள் காலடியில் எப்படி இருக்கிறது என்பதே என்ன கெட்டுப்போயிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்த் தரையைத் தொடுகிறது என்றால் இரண்டில் ஒன்று. பிரேக் ஆயில் எங்கோ கசிந்திருக்கிறது, அல்லது சூட்டில் கொதித்து அதில் ஆவிக்குமிழி வந்துவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் உங்கள் கால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவியை அமுக்கலாம், அதனால் நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பம்ப் செய்தால் பலன் கிடைப்பது இந்த வகையில்தான்.

பெடல் வழக்கம்போல உயரத்தில் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் கார் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால், சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் வட்டைக் கவ்விப் பிடிக்கிற பேட் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. எத்தனை பலமாக மிதித்தாலும் கொஞ்சம்தான் பிடிக்கும். இங்கே பம்ப் செய்வதில் பெரிய பலன் இல்லை, கியரில் வேகத்தைக் குறைத்து அது ஆற வழி செய்ய வேண்டும்.

பெடல் கல் மாதிரி இறுகி, கீழேயே போகவில்லை என்றால் பூஸ்டர் வேலை செய்யவில்லை, இன்ஜின் அணைந்திருக்கலாம், வேக்யூம் குழாய் கழன்றிருக்கலாம். பிரேக் போகவில்லை, உதவிதான் போயிருக்கிறது. பம்ப் செய்யாதீர்கள், மிச்சமிருக்கும் வேக்யூமும் போய்விடும். முதுகை சீட்டில் அழுத்திக்கொண்டு ஒரே மிதியாக, முடிந்தால் இரண்டு காலையும் வைத்து மிதித்துப் பிடியுங்கள், நிற்கும்.

நான்காவதாக ஒன்று உண்டு. பெடல் பாதி தூரத்தில் எதிலோ முட்டுகிறது. கீழே பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், சாலையைப் பாருங்கள், குதிகாலால் துழாவுங்கள். பக்கத்து சீட்டிலிருந்து உருண்டு வந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மலையில் இறங்கும்போது எல்லாமே முன்னால் உருளும். டிரைவர் சீட்டுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள், கழற்றிப் போட்ட செருப்பு உட்பட. கிளிப் இல்லாமல் வழுக்கும் கால்மிதி விரிப்பும் இதே வேலையைத்தான் செய்யும்.

அப்புறம் பிரேக் போகாமலே போய்விட்டது என்று பயப்படுவதும் நடக்கிறது. ஈரச் சாலையில் ஓங்கி மிதிக்கும்போது பெடல் கிடுகிடுவென்று காலை உதைத்தால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் வேலை செய்கிற சத்தம். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், இன்னும் அழுத்துங்கள்.

இரண்டு தனித்தனி பிரேக் லைன் இருக்கிறதாமே, அப்புறம் எப்படி மொத்தமாகப் போகும்?

உண்மைதான், இன்றைய கார்களில் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டர் இரண்டு தனி லைனுக்கு அழுத்தம் கொடுக்கிறது. சின்ன கார்களில் பெரும்பாலும் குறுக்காகப் பிரித்திருப்பார்கள், ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரு லைன். ஒன்று கசிந்தாலும் மற்றது பிடிக்கும், ஆனால் பெடல் மிக ஆழமாகப் போய்த்தான் பிடிக்கும், நிற்க அதிக தூரம் எடுக்கும். அதனால் பெடல் உள்ளே போனதுமே கைவிட்டுவிடாதீர்கள், தரை வரை மிதியுங்கள், அங்கே மிச்சம் பாதி காத்திருக்கலாம். கொதிப்பது மட்டும் இந்தப் பாகுபாடு பார்க்காது. இரண்டு லைனிலும் ஓடுவது ஒரே வயசான ஆயில்தானே.

கியரைக் குறைக்கச் சொல்கிறீர்கள், வேகத்தில் விழுமா? இன்ஜின் போய்விடாதா?

ஒவ்வொன்றாக இறக்கினால் விழும். 70 கிலோமீட்டர் வேகத்தில் நேராக முதல் கியருக்குத் தள்ளப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே போகாது, நீங்கள் நியூட்ரலில் தொங்கிக்கொண்டிருப்பீர்கள், அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். கியர் மறுத்தால் முன்பு இருந்த கியருக்கே உடனே திரும்பிப் போடுங்கள், வேகம் கொஞ்சம் குறைந்ததும் மறுபடி முயற்சியுங்கள். கிளட்சைச் சட்டென்று விட்டுவிடாமல் ஒரு விநாடி எடுத்து விடுங்கள், இல்லையென்றால் ஓட்டும் சக்கரங்கள் கீச்சிட்டு வழுக்கும்.

இன்ஜின் அலறும். அலறட்டும். ஆர்பிஎம் முள் சிவப்பைத் தொட்டால் இன்ஜினுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கிற நேரம் அது இல்லை, இன்ஜினை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ஆட்டோமேட்டிக் காரில் என்ன செய்வது?

ஏஎம்டி, டார்க் கன்வர்ட்டர், சிவிடி என்பவை ஆட்டோமேட்டிக் கியரின் வகைகள், உங்களுடையது எது என்று கையேட்டில் இருக்கும். ஏஎம்டி என்றால் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி மைனஸில் ஒவ்வொன்றாக இறக்குங்கள். டார்க் கன்வர்ட்டர் வண்டியில் எல் அல்லது 2 இருக்கும், சிலவற்றில் ஸ்டீயரிங்கிலேயே பேடில் இருக்கும். சிவிடியில் எல் (L), எஸ் (S), பி (B) என்று கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து மாறும். உங்கள் வண்டியில் எது என்று வீட்டு வாசலில் நிற்கும்போதே பார்த்து வையுங்கள், பர்லியாறு வளைவில் கையேட்டைப் புரட்ட முடியாது. வேகம் அதிகமாக இருந்தால் வண்டியே கியரைக் குறைக்க மறுக்கும், விடாமல் திரும்பத் திரும்பக் கேளுங்கள், வேகம் கொஞ்சம் இறங்கியதும் கொடுக்கும்.

ஓடும்போது பார்க்கிங்குக்கான பி-யில் (P) போடாதீர்கள். கட்டக்கட்டவென்று பல் உரசுமே தவிர நிற்காது. ரிவர்ஸுக்கான ஆர் (R) பக்கமும் போக வேண்டாம்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கார் சுற்றிவிடும் என்கிறார்களே?

ஓங்கி இழுத்தால் சுற்றும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கிறது, அவை பூட்டிக்கொண்டால் காரின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும், அதுவும் வளைவில் என்றால் கேட்கவே வேண்டாம். எனவே லீவரின் நுனியில் இருக்கிற பட்டனைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தபடியே இழுங்கள். பட்டன் அழுத்தியிருந்தால் பல்லில் மாட்டாது, பின்பக்கம் வழுக்குவது தெரிந்ததும் கொஞ்சம் விடலாம், மறுபடி இழுக்கலாம். நேர்ச்சாலையில் இழுங்கள், வளைவுக்குள் தளர்த்துங்கள்.

இதில் ஒரு நல்ல விஷயம், ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்கிறது, ஆயிலில் இல்லை. ஆயில் கொதித்தாலும் கசிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் சர்வீஸில் விடும்போது ஹேண்ட் பிரேக் கேபிளை டைட் வைக்கச் சொல்லிக் கேட்பது முக்கியம், பத்து கிளிக் போனபின் பிடிக்கிற ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி.

எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருக்கிற கார்களில் பெரும்பாலும் அந்தச் சின்ன சுவிட்சை இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டியே அவசர பிரேக்காக எடுத்துக்கொண்டு பக்குவமாக நிறுத்தும். ஒரு தடவை தட்டிவிட்டு விட்டால் செய்யாது. உங்கள் வண்டியின் கையேட்டில் இது இருக்கும், பாருங்கள்.

எதுவுமே வேலை செய்யவில்லை. மோதித்தான் ஆக வேண்டும் என்றால் எதில் மோதுவது?

மலைப்பக்கம். பள்ளத்துப்பக்கம் எப்போதும் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மலை பக்கம் மாறும். இடது பக்கம் இருந்த மண்சுவர் அடுத்த வளைவு தாண்டினால் வலது பக்கம் போயிருக்கும். அதனால் எந்த நிமிடமும் இப்போது மலை எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இடதில் இருந்தால் வேலை சுலபம், காரை மெல்லச் சாய்த்து மண்சுவரிலோ மழைநீர் ஓடையிலோ பக்கவாட்டில் உரசவிடுங்கள். தகரம் கிழியும், கண்ணாடி பறக்கும், அந்த உரசல்தான் உங்கள் பிரேக். வலதில் இருந்தால் எதிர் வண்டி வருகிறதா என்று பார்த்துத்தான் குறுக்கே போக வேண்டும். அப்படிப் போக முடியாவிட்டால் இடது ஓரத் தடுப்புச்சுவரில் சின்னக் கோணத்தில் உரசலாம், நேராக மோதினால் உடைத்துக்கொண்டு வெளியே போகிற அபாயம் உண்டு.

புதர், மணல் குவியல், சாலை வேலைக்குக் கொட்டிய ஜல்லி, தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஏறுகிற கிளைப்பாதை எல்லாமே நல்லவை. கிளைப்பாதை மேல்நோக்கிப் போனால் அதைவிட அதிர்ஷ்டம் வேறில்லை. நேருக்கு நேராக மரத்திலோ கான்கிரீட்டிலோ மோதுவது வேண்டாம். முன்னால் போகும் லாரியின் பின்புறமும் வேண்டாம், லாரியின் அடிச்சட்டம் உயரத்தில் இருக்கிறது, கார் அதன் அடியில் புகுந்துவிடும், பானட் தாங்க வேண்டிய அடியைக் கண்ணாடியும் தலையும் தாங்கும்.

கதவைத் திறந்து குதித்துவிட்டால்?

சினிமாவில் மட்டும். பெல்ட் போட்டுக்கொண்டு காருக்குள் இருங்கள்.

ஏன் மலையிலேயே இது அதிகம் நடக்கிறது? ஊரில் இதே கார் நன்றாகத்தானே பிடிக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். நான்கு பேர், பெட்டி, வர்க்கி, கேரட் மூட்டை எல்லாம் சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் கீழே இறங்குகிறது. இறங்கும்போது விடுபடும் சக்தி எங்காவது போயாக வேண்டும். வேகத்தைக் கூட்டாமல் இறங்க வேண்டுமென்றால் அத்தனையும் சூடாகத்தான் மாறும், அது சுமார் ஏழு யூனிட் மின்சாரம். இன்னொரு மாதிரி சொன்னால் எண்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை யார் வாங்குவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். இரண்டாவது கியரில் வந்தால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கி வெளியே தள்ளிவிடும். நான்காவதில் வந்து பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள இரண்டு இரும்பு வட்டுகள் முக்கால்வாசியைச் சுமக்க வேண்டும்.

ஆக, மலையில் பிரேக் திடீரென்று போவதில்லை. பெரும்பாலும் அரை மணி நேரமாக நாமே அதைச் சமைத்துக்கொண்டு வருகிறோம், கடைசி வளைவில் வெந்துவிடுகிறது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், குன்னூர்ப் பாதையைவிட செங்குத்து. அதில் வெளியூர் வண்டிகள் கீழே இறங்கத் தடை போட்டிருப்பது சும்மா இல்லை. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கி விழுந்த இடம் அது. கொல்லிமலையில் 70 வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. எந்த மலையாக இருந்தாலும் பழைய டிரைவர்கள் சொல்வது ஒன்றுதான், ஏறின கியரிலேயே இறங்கு.

பிரேக்கைத் தொடாமலேயே இறங்க முடியாதே, எப்படி மிதிப்பது?

தொடலாம், தாராளமாக. ஆனால் மிதித்தபடியே வராதீர்கள். கியர் பிடித்து வரும், வளைவுக்கு முன்னால் ஒரு தடவை உறுதியாக மிதித்து வேகத்தை 20-க்குக் குறைத்துவிட்டு காலை முழுசாக எடுங்கள். டிஸ்க்குக்குக் காற்று பட வேண்டும். முன்னால் போகிற பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் இதைச் செய்யவே முடியாது, அவன் மிதிக்கும்போதெல்லாம் நீங்களும் மிதிக்க வேண்டும். நாலு கார் நீளம் இடம் விடுங்கள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை விதியும்கூட.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று என் மாமா சொல்கிறார்.

மாமாவின் கார்ப்பரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் அடியோடு நின்றுவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக நியூட்ரலில் பெட்ரோலும் செலவு, பிரேக்கும் செலவு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் லாரிகள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி முன்னால் போகிறவர்களை அள்ளிக்கொண்டு போகிற கதை செய்தித்தாளில் எத்தனை முறை வந்தாயிற்று. மாமாவுக்கு அதைக் காட்டுங்கள்.

ஏதோ தீய்ந்த வாடை வருகிறது, முன்னால் போகும் லாரியாக இருக்குமோ?

நானும் அப்படித்தான் நினைத்தேன். குன்னூர் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தேன், முன்னால் ஒரு பஸ், மூன்றாவது கியர், கால் பிரேக்கிலேயே. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற மாதிரி ஒரு நெடி, பஸ்தான் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஏற்றினபின்னும் வாடை உள்ளேயே இருந்தது, அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். அடுத்த வளைவில் பெடல் தரைக்குப் போய்விட்டது. பம்ப் செய்தேன், பாதி பிடித்தது, இரண்டாவது கியரில் அடித்தேன், அது முறுக்கிக்கொண்டு உள்ளே போனது, இடது பக்கச் சக்கரங்களை மலையோர ஓடையில் இறக்கினேன். கார் அடிவயிறு தரையில் உரச நின்றது.

வாடை வந்தால் அது உங்களுடையதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அகலமான இடத்தில் நிறுத்துங்கள். இருபது முப்பது நிமிடம் டீ குடியுங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றவே கூடாது, கொதிக்கிற வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் கோணலாகும், விரிசலும் விடும். நிறுத்தியபின் ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, டயருக்கு முன்னால் பெரிய கல்லாக இரண்டு வையுங்கள்.

ஆறின பிறகு பெடல் திரும்பி வந்துவிட்டது. அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாமா?

இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஆவி ஆறினால் மறுபடி திரவமாகிவிடும், பெடல் புதுசு மாதிரி நிற்கும், ஊருக்கு வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் மிதித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்பார். உள்ளே இருப்பது அதே ஆயில், அடுத்த மலையில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமோ சொட்டோ இருந்தால், அல்லது பானட்டுக்குள் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் அது கசிவு, ஓர் அடிகூட நகர்த்தாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். கசிவு இல்லை, வெறும் சூடுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் நன்றாக ஆறவிட்டு முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து இறங்கி, கீழே போய் முதல் வேலையாக ஆயிலை மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலுக்கு அப்படி என்ன வயசு?

பொதுவாக இரண்டு வருடம், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற வகை. டாட் 3, டாட் 4 என்பவை டப்பாவில் எழுதியிருக்கும் தர வகைகள். டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு, ஈரம் ஏறிவிட்டால் அது 140 வரை இறங்கிவிடும். டாட் 4-க்கு அதே கணக்கு 230-உம் 155-உம். மலை இறங்கும்போது டிஸ்க் சில நூறு டிகிரிக்குப் போகும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சர்வீஸில் டாப் அப் செய்தோம் என்று எழுதுவார்கள், அது மாற்றுவது ஆகாது. பழசை முழுக்க வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் பிரேக் குழாயில் இருக்கிற காற்றை எடுத்து, புதுசு ஊற்றச் சொல்லுங்கள். குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடுகிற காசு ஆகும். டப்பாவில் எட்டிப் பாருங்கள், இளமஞ்சளாக இருந்தால் சரி, டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால் மாற்றுங்கள். போன வருடம் திறந்து பாதி மிச்சம் வைத்த பாட்டிலை ஊற்றாதீர்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊதிக்கொண்டு மொத்தமும் போய்விடும்.

டாஷ்போர்டில் எந்த விளக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

சிவப்பு. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி மாதிரி வருவது, ஹேண்ட் பிரேக் போட்டாலும் அதே விளக்குதான் எரியும், ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் அணையவில்லை என்றால் ஆயில் குறைவு. பேட் தேய்ந்தாலும் அளவு இறங்கும், எனவே ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள். மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சாதா பிரேக் பிடிக்கும், சக்கரம் பூட்டாமல் காக்கிற வேலை மட்டும் இருக்காது. எங்கள் பக்கம் அதற்குப் பாதி நேரம் காரணம் எலி, சென்சார் வயரைக் கடித்திருக்கும்.

என்னுடையது எலக்ட்ரிக் கார். அதில் கியரே இல்லையே?

ரீஜென் இருக்கிறது, அதாவது ஆக்சிலரேட்டரை விட்டால் மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்தச் சக்தியை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புவது, அதை அதிகபட்ச அளவில் வையுங்கள், அதுதான் உங்கள் இரண்டாவது கியர். ஒரே ஒரு எச்சரிக்கை. ஊட்டி ஓட்டலில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கக் கிளம்பாதீர்கள். நிறைந்த பேட்டரி வருகிற மின்சாரத்தை வாங்க இடமில்லாமல் மறுத்துவிடும், ரீஜென் பேருக்குத்தான் இருக்கும், முழு எடையும் சாதா பிரேக் தலையில் விழும். அதுவும் எலக்ட்ரிக் கார் எடை கூடியது. எண்பதில் நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே வரும்போது அது ஏறியிருப்பதைப் பார்த்து சந்தோஷப்படலாம்.

சமவெளி நெடுஞ்சாலையில் போனால்?

உங்களுக்கு நேரம் அதிகம். இடது ஓரத்துக்கு வாருங்கள், கியரைக் குறைத்துக்கொண்டே வந்தால் கார் தானாக ஓய்ந்துவிடும், கடைசியில் ஹேண்ட் பிரேக். டோல்கேட்டும் சிக்னலும் வருவதற்கு முன் ஓய்வதுதான் விஷயம். நின்றபின் முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு எல்லோரும் சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைக்கலாம். மழை வெள்ளத்தில் போய் வந்தபின் பிடிக்கவில்லை என்றால் அது வெறும் ஈரம், மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாக மிதித்துக் காய விடுங்கள்.

ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால் இதே முறைதானா?

இல்லை, நேர்மாறு. அங்கே நியூட்ரலில் போட வேண்டும், பிரேக்கைப் பம்ப் செய்யாமல் ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: கார் நிற்க மறுத்தால் கியர், கார் ஓட அடம்பிடித்தால் நியூட்ரல்.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னால் போலீஸும் இன்ஷூரன்ஸும் விட்டுவிடுவார்களா?

சொன்னால் போதாது. விபத்து என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துப் பிரேக் எப்படி இருந்தது என்று எழுதுவார். இயந்திரக் கோளாறு என்று சொல்கிற உரிமையாளர்தான், வண்டியை ஒழுங்காகப் பராமரித்தேன், அப்படியும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கோளாறு இது என்று நிரூபிக்க வேண்டும், இதை உச்ச நீதிமன்றம் 1977-லேயே ஒரு விபத்து வழக்கில் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் தேய்மானமும் இயந்திரப் பழுதும் விலக்குப் பட்டியலில் இருக்கும். சர்வீஸ் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

எலுமிச்சம்பழம்?

வையுங்கள், நானும் வைக்கிறேன். நசுக்கிவிட்டுக் கிளம்பி பத்தடி போனதும் ஒரு தடவை பிரேக்கை அழுத்திப் பாருங்கள், பெடல் எங்கே நிற்கிறது என்று.

காரில் பெரியவர்கள், குழந்தைகள் இருக்கும்போது பிரேக் இல்லை என்று சொல்வதா, மறைப்பதா?

ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: பெல்ட்டைப் போட்டு, தலையை சீட்டில் சாய்த்து, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் உதவி செய்கிறேன் என்று ஸ்டீயரிங்கையோ ஹேண்ட் பிரேக்கையோ பிடித்து இழுத்தால் முடிந்தது, அதனால் அதைத் தொடாதே என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றைக்கு எனக்கு அந்த ஒரு வரிகூட வரவில்லை, வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓடையில் சாய்ந்து நின்றபின் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பின் சீட்டில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு, "இங்க எதுக்குடா நிறுத்தற, ஒரு டீக்கடைகூட இல்லையே" என்றாள்.